செல்லோ பார்ட் தேடிப் போன எட்டு நாள்

ஷார்ஜாவில் என் தங்கை வசந்தி வீட்டில் முதல் நாள் மதியம் முருங்கைக்காய் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும். சென்னையில் நான் வாங்குவதைவிட முருங்கைக்காய் நன்றாகவே இருந்தது. சாப்பிடும்போது தங்கை கணவர், வந்த காரியம் என்ன என்று கேட்டார். அயர்லாந்துக்காரி ஒருத்தி நூறு வருஷத்துக்கும் முன்னால் எழுதிய இசையில் ஒரு பங்கு தொலைந்துபோய்விட்டது, அது இந்த ஊரில் பட்டறை வேலை செய்யும் ஒருவரிடம் இருக்கலாம், அதைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன். அவர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருப்பவர். சாம்பார்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, வேறு எதையாவது சுற்றிப் பார்க்கிற திட்டமும் உண்டா என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் வயோலா வாசிப்பவள். வயலினைவிடக் கொஞ்சம் பெரியது. குரலும் அதைவிடக் கனம். சினிமா ரெக்கார்டிங்கில் முப்பது வருஷம் வாசித்திருக்கிறேன். நாற்பது பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்த பிறகு, வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த முப்பது வருஷத்தில் என் வாசிப்பு தனியாகக் காதில் விழுந்த ஒரே இடம், ஹானரா டெவ்லின் எழுதிய குவார்டெட்தான். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிக்கும் இசை அது.

ஹானரா டெவ்லினை யாருக்கும் தெரியாது. ஜெர்மனிக்குப் போய் இசை படித்து, ஒரு குவார்டெட்டும் ஒன்றிரண்டு சின்ன உருப்படிகளும் எழுதி, ஊர் திரும்பி, கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தவள். அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அவள் எழுதியது அச்சாகவும் இல்லை. அதே சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரிகள் அதைக் கையால் பிரதி எடுத்து, எந்தெந்த நாட்டுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் போனார்களோ அங்கெல்லாம் கொண்டுபோனார்கள். சென்னையில் நான் படித்த கான்வென்ட்டுக்கு ஒரு பிரதி அப்படித்தான் வந்தது. எங்கள் இசை ஆசிரியையான சிஸ்டர், மூன்று மாணவிகளைச் சேர்த்துவிட்டார். செல்லோவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. தரையில் ஊன்றி வாசிக்கும் அந்தப் பெரிய வாத்தியத்தைத் தூக்கிவர வாட்ச்மேன் மகன் முருகேசனைக் கூப்பிடுவார்கள். தூக்கிவந்தவர் ஒரு நாள் அப்படியே வாசிக்க உட்கார்ந்துவிட்டார். பிறகு பத்து வருஷம் கான்வென்ட் விழாவில் நாங்கள் நாலு பேரும் அதை வாசித்தோம்.

சிஸ்டர் ஊருக்குத் திரும்பிப் போய் இறந்துவிட்டார். கான்வென்ட் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது தாள்கள் போய்விட்டன. முருகேசன் மட்டும் தன் பார்ட்டை, அதாவது செல்லோவுக்கு உரிய தாள்களை, கையோடு வைத்திருந்தார். எங்களோடு சினிமாவிலும் வாசித்தார். வேலை குறைந்ததும், ஹோட்டல் வரவேற்பறையில் வாசிக்கும் மூவரில் ஒருவராக துபாய் போனார். ஹோட்டலும் அந்த மூவரை நிறுத்திவிட்டது என்றும், ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏதோ பட்டறையில் இருக்கிறார் என்றும் கேள்விப்பட்டதோடு சரி. பன்னிரண்டு வருஷமாக அவரை நான் தேடவில்லை.

தேட வைத்தவள் நோரீன். துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை, அயர்லாந்துக்காரி. விடுமுறைக்கு ஊர் போனபோது, மூடப்படும் ஒரு மடத்தின் சாமான் அறையில் ஹானராவின் குவார்டெட்டைக் கண்டெடுத்தாள். மூன்று பார்ட்தான் இருந்தன. செல்லோவைக் காணவில்லை. இந்தியாவில் பிரதி இருக்குமா என்று கான்வென்ட் பழைய மாணவிகளுக்கு அவள் எழுதிய கடிதம் சுற்றிச்சுற்றி என்னிடம் வந்தது.

முருகேசன் நம்பரைத் தேடிப் பிடித்தேன். அடித்தால் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து நின்றது. பத்துத் தடவை அடித்திருப்பேன்.

புதன்கிழமை தொழில்பேட்டைக்குக் கிளம்பினேன். அந்தப் பக்கம் பெண்கள் யாரும் போகமாட்டார்கள் என்று வசந்தி சொன்னாள். போகக்கூடாது என்று சட்டமா என்றேன். இல்லை, போகமாட்டார்கள், அவ்வளவுதான் என்றாள். நான் விசாரித்து வைத்திருந்த பட்டறை ஆறாம் நம்பர் பகுதியில். பெஷாவர்க்கார டாக்ஸி ஓட்டுநர் ஆறு என்பதைப் பதினாறு என்று கேட்டு வேறெங்கோ இறக்கிவிட்டார். இரண்டு பக்கமும் லாரிகளின் எலும்புக்கூடு. தகரம் அறுக்கும் சத்தத்தில் பல் கூசியது. நான் போட்டிருந்த செருப்பின் அடி தாரில் ஒட்டி ஒட்டி வந்தது. நம் அம்பத்தூரிலும் பட்டறை உண்டு. ஆனால் அங்கே பத்தடிக்கு ஒரு பூக்கார அம்மாவாவது உட்கார்ந்திருப்பாள். இங்கே முக்கால் மணி நேரம் நடந்ததில் நான் ஒருத்திதான் பெண்.

கடைசியில் கண்டுபிடித்த அந்தப் பட்டறைக்கு எதிரில் ஒரு மலையாளி டீக்கடை. அங்கே பரோட்டா தின்றுகொண்டிருந்த அறந்தாங்கிக்காரர் ஒருவர் முருகேசன் பேரைச் சொன்னதும் நிமிர்ந்தார். முருகேசன் நாலு வருஷத்துக்கு முன்பே மஸ்கட்டுக்குப் போய்விட்டாராம். வேறு கம்பெனி, ஜெனரேட்டர் ஓட்டும் வேலை. தங்கமான மனுஷன், ஆனால் கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்று சொல்லிவிட்டு மறுபடி பரோட்டாவைப் பிய்த்தார். போனை எடுக்கமாட்டேன் என்கிறாரே என்றேன்.

'போன் பண்ணாதீங்க. மெசேஜ் போடுங்க' என்றார்.

டீக்கடையில் உட்கார்ந்தபடியே மெசேஜ் போட்டேன். நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று எழுதினேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: 'வாங்க மாலதிம்மா. வெள்ளிக்கிழமை லீவு. ரூவி.'

வியாழக்கிழமை பஸ்ஸில் மஸ்கட். எல்லையில் எல்லாப் பெட்டியையும் இறக்கி வரிசையாக வைத்து நாயை விட்டு மோப்பம் பார்த்தார்கள். வயோலாப் பெட்டியைத் திறந்த அதிகாரி, உள்ளே விரலை மடக்கித் தட்டினார். வயலின் என்று சொல்லிவைத்தேன். வயோலாவை விளக்கும் தெம்பு எனக்கு இல்லை. எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ்ஸில் ஏசி நின்றுவிட்டது. ஜன்னல் திறக்காத பஸ். ஓரமாக நிறுத்தி எங்களை எல்லாம் கீழே இறக்கினார்கள். பஸ்ஸின் நிழலில் ஒரே வரிசையாக நாற்பது பேர் குந்தியிருந்தோம். நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பக்கத்தில் இருந்த வங்காளதேசத்து மனிதர் மோர்ப் பாக்கெட் ஒன்றை என் கையில் திணித்தார். சவூதியில் தம்மாமில் ஏழு வருஷம் இருந்தாராம். அங்கே வெயில் இன்னும் மோசம் என்று இந்தியில் ஆறுதல் சொன்னார்.

மஸ்கட்டில் ரூவி என்ற பகுதியில் நான் தங்கிய ஹோட்டலின் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள், அதன் பின்னால் ஒரு செடிகூட இல்லாத மலை. கீழே நகைக்கடை, தையல்கடை, தோசைக்கடை. மதியம் ஒரு மணிக்கு எல்லாக் கடையும் மூடி நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். நம் ஊரில் தெருவே மூடிக்கிடந்தால் பந்த் என்று அர்த்தம். இங்கே தினமும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்ட் அருகில் முருகேசன் நின்றுகொண்டிருந்தார். நான் பின்பக்கமாக வந்து இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாவது தடவை தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பி, தெருவே கேட்கிற குரலில், 'வந்துட்டீங்களா!' என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறந்தாங்கிக்காரர் சொன்னது, எடுக்காத போன், எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

'மெதுவா, என்னைப் பாத்துப் பேசுங்க' என்றார். 'வாயைப் பாத்தா எனக்கு வந்துடும்.'

ஷார்ஜாப் பட்டறையில் ஆரம்பித்ததாம். பிறகு இங்கே ஜெனரேட்டர் அறை. வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காதில் ஏதோ மிச்சம் என்றார். விசா புதுப்பிக்கும்போது ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பதில்லை. 'வீட்ல தெரியாது. கம்பெனில தெரியாது. ரூம்ல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா கேன்சல்தான் மாலதிம்மா' என்றார். கேன்சல் என்றால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

தாள் எங்கே என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவரே சொன்னார். முதலில் இருந்த அறை பள்ளத்தில் இருந்தது. ஒரு மழையில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. பெட்டியோடு போயிற்று.

அவர் இடது கையை என் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து மடக்கிக் காட்டினார். 'இதுல இருக்கு. எட்டு மணி நேரம் அந்த இரைச்சல்ல நிக்கறேன் இல்ல, இதைத்தான் மனசுல ஓட்டிக்கிட்டு இருப்பேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். ஒரு டியூட்டிக்கு எத்தனை தடவை ஓட்டுவேன்னு கணக்கே இல்ல.'

மத்தியானம் மூன்று மணிக்கு, நான் முன்பே சொல்லிவைத்திருந்தபடி, நோரீன் துபாயிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள், பின் சீட்டில் பள்ளிக்கூடத்துச் செல்லோவோடு. ஐம்பது வயது, சிவந்த முகம், கைகுலுக்கும்போது எலும்பு நொறுங்கும். முருகேசனுக்குக் காது கேட்காது என்று நான் சொன்னதும் அவள் காரிலிருந்து செல்லோவை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எடுத்தாள். திருநெல்வேலி மேனேஜர், காலைச் சிற்றுண்டிக் கூடத்தை மத்தியான வேளையில் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அன்று மட்டும் சாயங்காலம் ஆறு வரை அனுமதித்தார். கூடம் முழுக்கப் பூரி எண்ணெய் வாசனை.

செல்லோவுக்கு நான்தான் சுருதி சேர்த்துக் கொடுத்தேன். முருகேசன் அதை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, வில்லை வைத்து இழுத்தார். கதவு கீல் அழுவது போல ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷம் தொடாத கை. நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு மட்டும் அது கேட்கவில்லை, முகம் மலர்ந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கை பழைய இடங்களைக் கண்டுபிடித்தது. சுருதி தள்ளித்தான் நின்றது. ஆனால் விரல் எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்பது எனக்குத் தெரிந்தது. நான் பார்த்துச் சொல்வேன், நோரீன் எழுதுவாள், மற்ற மூன்று பார்ட்டோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். பொருந்தியது. வரிவரியாகப் பொருந்திக்கொண்டே போனது. முதல் பகுதி முடிந்தபோது நோரீன் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

இதில் மூன்றாவது பகுதியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதன் நடுவில் இருபத்துநாலு கட்டத்துக்கு, அதாவது இருபத்துநாலு தாள ஆவர்த்தத்துக்கு, வயலின் இரண்டும் வயோலாவும் சும்மா இருக்கின்றன. செல்லோ மட்டும் தனியாக வாசிக்கிறது. நோரீனிடம் இருந்த மூன்று பார்ட்டிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. என்ன இருந்தது என்று சரிபார்க்க உலகத்தில் வேறு தாள் கிடையாது. எனக்கு அதன் தொடக்கம் மட்டும் ஞாபகம் இருந்தது. கீழ்த் தந்தியில் தொடங்கும். ஒரே ஸ்வரத்தில் மூன்று தடவை நிற்கும். மேலே போகப் பார்த்து மறுபடியும் கீழேயே வந்துவிடும். அதற்கு மேல் தெரியாது.

வெள்ளிக்கிழமை அதற்கு வந்து சேர முடியவில்லை. முருகேசனின் விரல் நுனிகள் வீங்கிவிட்டன. சனிக்கிழமை அவருக்குக் காலையிலிருந்து டியூட்டி, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி, மூன்று மணிக்குத்தான் முடியும். நோரீன் ஞாயிறு சாயங்காலம் திரும்பியாகவேண்டும். ஒரு நாள் லீவு கேட்கக்கூடாதா என்றேன். இல்லை என்பதற்கு அரபு வார்த்தையைப் போட்டு, 'லீவு மாஃபி' என்று சிரித்தார். கேட்டால் ஏன் எதற்கு என்று பேச்சு வரும், பேச்சு வந்தால் காது வெளியே தெரிந்துவிடும் என்றார்.

சனிக்கிழமை காலை நான் அவருடைய கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். ஹோட்டலிலிருந்து பத்து நிமிஷ நடை. அவரிடம் சொல்லவில்லை, நோரீனிடமும் சொல்லவில்லை. லீவு மட்டும் கேட்பதாகத்தான் போனேன்.

பொறுப்பில் இருந்தவர் ரகுநாதன் என்ற கோயமுத்தூர் இன்ஜினியர். உட்காரச் சொல்லி, ஏலக்காய் போட்ட டீ வரவழைத்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஆச்சரியம் ஏறிக்கொண்டே போனது.

'நம்ம முருகேசனுங்களா? ஜெனரேட்டர் ரூம் முருகேசனா? அவருக்கு இப்படி ஒரு திறமை இருக்குதுன்னு யாருக்குமே தெரியாதுங்களே.'

அந்த ஆச்சரியம் எனக்குப் பிடித்திருந்தது. அதை இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசைப்பட்டேன். தாள் ஒன்றுகூட இல்லை சார், முழுக்க முழுக்க மனப்பாடம், இத்தனைக்கும் அவருக்குத் தான் வாசிப்பதே கேட்காது என்றேன்.

ரகுநாதன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். 'காது கேக்காதுங்களா?' என்றார், மெதுவாக.

கொஞ்சம் மந்தம் என்று சமாளித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

'இது எனக்குத் தெரியாமயே இருந்திருக்கலாமுங்க மேடம்' என்றார். 'அங்க அலாரம் அடிச்சா ஆள் வெளிய ஓடி வரணும். தெரிஞ்சுக்கிட்டு அவரை அங்கயே நிக்க வெச்சு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்றதுங்க?'

வேறு வேலை கொடுக்க முடியாதா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை லீவு கொடுத்தார். திங்கள்கிழமை காது பரிசோதனைக்கு அனுப்புவதாகவும் சொன்னார்.

மத்தியானம் மூன்று மணிக்கு முருகேசன் டியூட்டி முடிந்து நேராகக் கூடத்துக்கு வந்தார். டீசல் வாசனையோடு, உற்சாகமாக. நாளைக்கு லீவாம், கேட்காமலே கொடுத்துவிட்டார்களாம். திங்கள்கிழமை ஏதோ மெடிக்கல் செக்கப்பாம், அதற்காக இருக்கும் என்றார். நான் செல்லோவுக்குச் சுருதி சேர்க்கக் குனிந்துகொண்டேன். இரண்டாவது பகுதியை அன்று முடித்தோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நோரீனைத் தோசைக்கடைக்குக் கூட்டிப்போனேன். நாளை அந்த இருபத்துநாலு கட்டம் கிடைத்துவிட்டால் துபாயிலேயே அரங்கேற்றலாம், வயோலா நீதான் வாசிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் பேர் அச்சில் வரும் என்றாள். நான் சட்னியைத் தொட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதே முருகேசனுக்கு மெசேஜ் போட்டுச் சொல்லிவிட முடியும். போன் கையில்தான் இருந்தது. சொன்னால் நாளை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். உண்மையில் வந்திருப்பாரோ என்னவோ. அந்த முடிவை எடுக்க நான் அவரை விடவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவர் அந்த இருபத்துநாலு கட்டத்தையும் வாசித்தார். நடுவில் ஒரு முறைகூட நிற்கவில்லை. மேலே போகப் பார்த்துக் கீழே விழுந்துகொண்டிருந்த பாட்டு, பதினேழாவது கட்டத்தில் மேலே போய்விடுகிறது. போய் அங்கேயே நிற்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு என் முறைக்காகக் காத்திருந்தபோது இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறேன். மூன்று தடவை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டோம். இந்த இடத்தை மட்டும் நானே எழுதினேன். பிறகு நாலாவது பகுதி. நாலு மணிக்குக் கடைசித் தாளில் கடைசிக் கோட்டைப் போட்டேன். நோரீன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவளுடைய ஆங்கிலத்தை அவரால் உதட்டில் படிக்க முடியவில்லை. சிரித்துத் தலையாட்டினார்.

நோரீன் காரைக் கொண்டுவரக் கீழே போனதும் நான் சொன்னேன். அவருக்கு அது பிடிபடவில்லை. என் வாய் சரியாக அசையவில்லை போலிருக்கிறது. இரண்டாவது தடவையும் பிடிபடவில்லை. கத்திச் சொல்கிற விஷயமா அது? மீதியிருந்த இசைத்தாள் ஒன்றில், ஐந்து கோட்டின் மேலேயே எழுதினேன்: 'நேத்து உங்க ஆபீசுக்குப் போனேன். காது கேக்காதுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். நாளைக்கு டெஸ்ட் அதுக்குத்தான்.'

படித்தார். மறுபடி படித்தார். தாளை நாலாக மடித்து மேசைமேல் வைத்தார்.

'நேத்தே போயிருக்கீங்க. கடைசிப் பக்கம் முடிஞ்சப்புறம் சொல்றீங்க' என்றார்.

அது கேள்வி இல்லை. அவர் வில்லின் திருகைத் தளர்த்தி, வில்லிலிருந்து தந்திகளில் படிந்த பிசின் மாவைத் துணியால் துடைத்து, செல்லோவை உறைக்குள் வைத்து ஜிப்பை மூடினார். நோரீனின் கார்வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். நான் பின்னாலிருந்து கூப்பிடுவதில் பயனில்லை.

திங்கள்கிழமை காலை ரகுநாதனிடம் விசாரித்து, காதுப் பரிசோதனை நடக்கும் ஆஸ்பத்திரிக்கு நானாகப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

பரிசோதனை அறை கண்ணாடிப் பெட்டி மாதிரி. உள்ளே அவர், காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கவேண்டும். வெளியே மெஷினுக்கு முன்னால் கேரளத்துப் பெண் ஒருத்தி. மொழிக்கு உதவியாக என்னை அவள் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். அவள் ஒரு படிவத்தில் அவர் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே முருகேசன் பொத்தானை அமுக்கினார். கொஞ்சம் விட்டு மறுபடி அமுக்கினார். மறுபடி. முகம் கவனமாக, கண் தரையைப் பார்த்தபடி. நான் என்னையறியாமல் எண்ணினேன். நாலு எண்ணிக்கைக்கு ஒரு தரம். பிசகாத நாலு.

அந்தப் பெண் நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: 'சேச்சி, நான் இன்னும் சவுண்டே போடலை.'

அவளே உள்ளே போய்ச் சொல்லியிருப்பாள். நான் போகிறேன் என்றேன். கதவைத் திறந்து, அவர் முன்னால் குனிந்து, வாயை நன்றாகத் திறந்து, 'இன்னும் சத்தம் போடலையாம்' என்றேன். இந்தத் தடவை ஒரே முறையில் பிடித்துக்கொண்டார். பொத்தானைப் பார்த்தார். 'அப்படியா' என்றார்.

அதன் பிறகு பத்து நிமிஷம் மெஷின் என்னென்னவோ சத்தம் போட்டது. அவர் இரண்டே தடவைதான் அமுக்கினார். இரண்டு தடவையும் நிஜமாகவே கேட்டிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஷார்ஜா திரும்பினேன். ஏசி நன்றாக வேலை செய்தது. வசந்தி, போன காரியம் ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். அவள் மகள் அந்த இசையை வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் வயோலாவை எடுக்கவில்லை.

ரகுநாதன் ஸ்டோரில் ஒரு வேலைக்கு முயற்சி செய்தார், கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில் கேன்சல் ஆகி முருகேசன் ஊருக்கு வந்துவிட்டார். இப்போது அரக்கோணம் பக்கம் மனைவியின் ஊரில் இருக்கிறார். மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி. நோரீன் காதுக் கருவி வாங்க உதவுகிறேன் என்று சொன்னாள், நான் அதை எழுதி அவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நான் அனுப்பிய வேறு எந்த மெசேஜுக்கும் பதில் இல்லை. படித்ததற்கான நீலக் குறி மட்டும் விழும்.

ஹானரா டெவ்லினின் குவார்டெட் ஐந்து மாதம் கழித்து நோரீனின் பள்ளிக்கூட அரங்கில் அரங்கேறியது. வயோலா நான். செல்லோ ஒரு பிலிப்பைன்ஸ் பெண், நன்றாக வாசிப்பாள். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். மூன்றாவது பகுதியில் வயோலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இருபத்துநாலு கட்டமும் சபையில் யாரும் இருமக்கூட இல்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிகழ்ச்சித் தாளில் முருகேசன் பேர், செல்லோ பகுதியை நினைவிலிருந்து மீட்டுத் தந்தவர் என்று, என் பேருக்கு மேலே இருந்தது. வீடியோவை அவருக்கு அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அவரிடமிருந்து அதற்குப் பிறகு வேறு எதுவும் வரவில்லை. 'மூணாவது பகுதியில பதினேழாவது கட்டம். அந்தப் பொண்ணு அங்க வில்லை மாத்துது. மாத்தக் கூடாது. ஒரே இழுப்பு. நான் மூணு தடவையும் அப்படித்தான் வாசிச்சேன்.'

எழுதிய தாளை எடுத்துப் பார்த்தேன். வில்லைத் திசை மாற்றி இழுக்கச் சொல்லும் குறி என் கையெழுத்தில் இருந்தது. அவர் கையைப் பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது. அன்று மத்தியானம் முழுக்க நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இருந்த பக்கம் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.